இன்னொரு பீஸ் போகும்

“இன்னொரு பீஸ் போகும்ணா.”

போன மாதம் எங்கள் பட்டறையில் சுழலும் கல்லால் இரும்பின் முகத்தைத் தேய்த்துச் சமமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில் நிற்கும் பையன் சொன்னது இந்த மூன்று சொல்தான். அப்போது நாலு பீஸ் முடிந்திருந்தது. நாலு முடிந்தால் கல்லை டிரெஸ் செய்ய வேண்டும், அதாவது டைமண்ட் முனையால் கல்லின் முகத்தைச் சீவிப் புதுசாக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். மெஷினின் நெற்றியில் சாக்பீஸால் ‘4’ என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், அழிந்தால் மறுபடி எழுதுவேன். அவன் ஐந்தாவது பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் கொஞ்சம் சத்தமாகவே, “சொன்னதைச் செய். கல்லப் பத்தி என்ன தெரியும் உனக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. பீஸைக் கீழே வைத்தான், டைமண்டை எடுத்தான், டிரெஸ் செய்தான், வேலை நடந்தது. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. அவன் கேட்டதில் என்ன தப்பு? நாலு என்று எனக்கு யார் சொன்னது?

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். எங்களுடையது 200 மில்லி விட்டமுள்ள வெள்ளைக் கல், 46 கிரிட் (மணியின் பொடிசு), கே கிரேடு (கல்லின் கெட்டி). 130 மில்லிக்கு வந்ததும் கழற்றிவிடுவோம். மோட்டார் அதே 2,800 சுற்றுதான் ஓடும், ஆனால் கல் சிறுத்துவிட்டதால் விளிம்பின் வேகம் நொடிக்கு 29 மீட்டரிலிருந்து 19 மீட்டருக்கு இறங்கியிருக்கும். அதற்குமேல் கல் இளகினதுபோல் பொலபொலவென்று உதிரும், சைஸ் நிற்காது. ஆக, ஆரத்தில் நமக்குக் கிடைப்பது 35 மில்லி. டிரெஸ்ஸிங் ஒன்றுக்கு இரண்டு பாஸ், பாஸுக்கு 0.02 மில்லி. வகுத்துப் பார்த்தால் 875 டிரெஸ்ஸிங். நாலு பீஸுக்கு ஒன்று என்றால் ஒரு கல்லின் ஆயுளில் 3,500 பீஸ். வேலை செய்யும்போது கல் தானாகத் தேய்வது இதற்கு முன்னால் சொற்பம். காசு கொடுத்து வாங்கின கல்லில் பெரும்பகுதி இரும்பைத் தொடாமலே டைமண்டுக்கு இரையாகி, கூலண்ட் தொட்டியின் அடியில் வெள்ளைச் சேறாகப் படிகிறது. மாதாமாதம் அந்தச் சேற்றை அள்ளிக் கொட்டுகிறேன். ஒரு நாளும் அதைப் பார்த்து எனக்குச் சங்கடம் வந்ததில்லை. அன்றுதான் வந்தது.

கொத்தின அம்மி

சின்ன வயதில் எங்கள் வீதியில் “அம்மி கொத்தலையோ, ஆட்டாங்கல்லு கொத்தலையோ” என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். தோளில் ஒரு சாக்குப்பை, அதற்குள் இரண்டு மூன்று உளி, ஒரு சின்னச் சுத்தியல். அம்மா அவருக்காகவே காத்திருந்த மாதிரி ஓடிப்போய் நிறுத்துவாள். “தேங்காய் அரைபடவே மாட்டேங்குதுங்க, வழுக்கிக்கிட்டுப் போகுது” என்பாள். எனக்கு அது புரிந்ததே இல்லை. தொட்டால் வழவழவென்று, தண்ணீர் ஊற்றினால் கறுப்பாக மின்னுகிற கல்லில் எதற்கு உளி வைத்து அம்மைத் தழும்பு போட வேண்டும்? அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை பிடித்துக் கொத்திக்கொண்டே போவார். ஒரே விசை, ஒரே இடைவெளி. பொடி பறந்து அவர் புருவமெல்லாம் வெளுத்துப்போகும். அவர் போனபின் அம்மா கல்லைக் கழுவி, ஒரு கை தவிட்டை வைத்து அரைத்து, அதை வழித்து வெளியே கொட்டுவாள். அதற்கப்புறம்தான் சட்னிக்கு வைப்பாள். அன்றைய சட்னியில் எங்காவது ஒரு மண் நெறிபடத்தான் செய்யும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கிரைண்டிங் வீல் டிரெஸ்ஸிங் என்பது அம்மி கொத்துவதுதான். அதற்குமேல் ஒரு பட்டறைக்காரனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அம்மிக்கு வேண்டியது குழி. வீலுக்குக் குழியும் வேண்டும், முனையும் வேண்டும். மணிமணியான அலுமினியம் ஆக்சைடு, அதை ஒட்டிப் பிடித்திருக்கும் கண்ணாடி மாதிரியான பாண்டு, இரண்டுக்கும் நடுவே காற்று. இதுதான் கல். களிமண்ணைக் கலந்து 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் வுஸ்டர் ஊரில் நார்ட்டன் என்பவரின் மண்பாண்டச் சூளையில்தான் இன்று உலகம் முழுக்க விற்கும் நார்ட்டன் கற்களின் கதையே தொடங்கியது. குயவர் வேலைதான் என்று நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். சூளையிலிருந்து வந்தது என்பதால்தான் புதுக் கல்லை மாட்டும் முன் பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மரப்பிடியால் தட்டிக் காதைக் கொடுக்கிறோம். கணீரென்றால் மாட்டலாம், சொத்தென்றால் உள்ளே கீறல்.

இந்தக் கல்லுக்கு வியாதி இரண்டு. ஒன்று, மணிகளின் முனை மழுங்கிப் பளபளவென்று ஆகிவிடுவது, கிளேசிங். இன்னொன்று, அறுபட்ட துகள் காற்றுக் குழியில் அடைத்துக்கொள்வது, லோடிங். பித்தளை, அலுமினியம், பதமேறாத இரும்பு இவற்றை ஓட்டினால் லோடிங் கண்ணுக்கே தெரியும், கல்லின் முகத்தில் சாம்பல் திட்டு விழும். கிளேசிங் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பார்த்தால் கல் சுத்தமாக, அழகாக, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதனால்தான் எனக்கு அதன்மேல் இத்தனை கோபம்.

இடையில் ஒன்று. இந்த வெள்ளைக் கல்லில் இருக்கும் பொருளும் மாணிக்கமும் நீலமும் ஒரே இனம். அதன் இயற்கைக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் கோரண்டம் என்று பெயர். அந்தச் சொல் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே எழுதுகின்றன. காங்கேயம் சிவன்மலைப் பக்கத்துப் பாறையில் அது இருப்பதை வெள்ளைக்காரர் காலத்து நிலவியல்காரர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். 1891-இல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் செயற்கையாக வைரம் செய்யப்போய், வேறொரு பொருள் கிடைத்து, அது கார்பனும் கோரண்டமும் சேர்ந்தது என்று தவறாக நினைத்துக் கார்போரண்டம் என்று பேர் வைத்தார். கார்பைடு டூல் தீட்டுகிற நம் பச்சைக் கல் அதுதான். கோவையிலிருந்து காங்கேயம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். சொல் நம் ஊரிலிருந்து கிளம்பி உலகம் சுற்றி, டப்பாவில் லேபிளாக ஒட்டிக்கொண்டு நம் பட்டறைக்கே வந்திருக்கிறது. சரி, கதைக்கு வருகிறேன்.

கண்ணாடி ஃபினிஷ்

1998-இல் ஐடிஐ முடித்துவிட்டுக் கணபதியில் ஒரு டூல் ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அங்கே கிரைண்டரில் இருந்தவரை எல்லோரும் ‘அண்ணன்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் எல்லோரையும் ‘கண்ணு’ என்பார், மொதலாளியைத் தவிர. பேச்சு குறைவு. கையைப் பிடித்துச் சொல்லித்தருவதும் இல்லை. பக்கத்தில் நிற்க விடுவார், அவ்வளவுதான்.

டைமண்டை மெஷினின் மேக்னட் மேசையில் எங்கே வைப்பது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். நாம் முன்னால் நின்று பார்த்தால் கல் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகச் சுற்றும், அதன் அடிப்பக்கம் இடதுபுறம் ஓடும். டைமண்டை நேர் மத்தியில் வைக்கக் கூடாது. கால் அங்குலம் இடது பக்கம் தள்ளி, முனை கல் ஓடுகிற திசைக்குச் சாய்ந்த மாதிரி, 10 முதல் 15 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். அப்போதுதான் கல் இழுத்தாலும் டைமண்ட் விலகிப்போகும், எதிர்த்துப் பாயாது. முதலில் தொடுவது கல்லின் நடுப்பகுதியில். ஓரங்கள்தான் முதலில் தேயும், நடு மேடாக நிற்கும். ஓரத்தில் தொட்டுவிட்டுச் சைஸ் கிடைத்தது என்று உள்ளே தள்ளினால் அந்த மேட்டில் போய் டைமண்ட் முட்டும். அப்புறம் கூலண்ட். முதலிலிருந்தே தண்ணீர் ஓட வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை தண்ணீரே வேண்டாம். இந்தக் கடைசிப் பாடத்தை நான் இரண்டாவது மாதமே காசு கொடுத்துப் படித்தேன். காய்ந்த கல்லில் மூன்று பாஸ் ஓட்டிவிட்டுப் பொடி பறக்கிறதே என்று குழாயைத் திறந்தேன். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். டைமண்ட் முனையில் பாதி இல்லை. அண்ணன் பாதி டைமண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆறு மாதத்தில் எனக்குக் கை வந்துவிட்டது. அதாவது, வந்துவிட்டது என்று நினைத்தேன். டிரெஸ் செய்யும்போது, டைமண்டைக் கல்லின் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஃபீடு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஃபினிஷ் அள்ளுகிறது என்று கண்டுபிடித்தேன். வேகமாகச் சுற்றினால் கல்லின் முகத்தில் திருகு மரை மாதிரி கோடு விழுந்து, அது அப்படியே பீஸில் இறங்கும். மெதுவாகச் சுற்றினால் பீஸில் மீசையைப் பார்த்து முறுக்கலாம். ஃபோர்மேன் ஒரு நாள் என் பீஸை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணனை விட உன் கை நல்லா இருக்குதுப்பா” என்றார். பத்தொன்பது வயசில் அதைக் கேட்டால் தலை நிற்குமா? இன்னும் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். டை இன்சர்ட், அதாவது அச்சுக்குள் பொருத்துகிற துண்டு, பன்னிரண்டு வந்தது. ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் ஸ்டீல் (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள இரும்பு), கெட்டி 58–60 ராக்வெல், சூடேற்றிப் பதம் போடுகிற ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வந்த சரக்கு. பன்னிரண்டையும் நானே முடித்தேன். அத்தனையும் கண்ணாடி. கல் நடுநடுவே ‘கீய்ங்’ என்று கத்தியது. எனக்கு அது பாட்டு மாதிரி இருந்தது. ஸ்பார்க் மெலிந்துகொண்டே வந்ததைக்கூடக் கல் ‘செட்’ ஆகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் கஸ்டமர் மூன்று இன்சர்ட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மூலை தெறித்திருந்தது. ஃபோர்மேன் மீதியையும் வரவழைத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினார். பத்து நிமிஷத்தில் வெள்ளைப் பொடியின்மேல் முடி மாதிரி ஈரக் கோடுகள் எழும்பின. எல்லாம் கிரைண்டிங் போன திசைக்குக் குறுக்கே. உடனே எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: ஹீட் ட்ரீட்மென்ட்காரன் கெடுத்துவிட்டான். நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன் என்று நினைக்கிறேன்.

பாட்டில்

மறுநாள் காலை அந்த ஹீட் ட்ரீட்மென்ட்காரர் டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், சட்டைப்பையில் இரண்டு பேனா. சண்டை போடுவார் என்று காத்திருந்தோம். அவர் ஒரு நாற்காலிகூடக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னப் பிரவுன் பாட்டில், கொஞ்சம் பஞ்சு, ஒரு ஜோடி ரப்பர் கையுறை எடுத்தார். அப்புறம் காகிதத்தில் பொதிந்த இன்னொரு இன்சர்ட். அதே லாட்டில், அதே ஃபர்னஸில், அதே நாளில் போட்டது. கூடுதலாக வந்த ஒன்றை அவர் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார், கிரைண்டிங் படாதது. “முதல்ல இதப் பாருங்க” என்று அதன் ஒரு முகத்தைத் தாளால் தேய்த்து, பஞ்சில் மருந்தை நனைத்துத் தடவினார். ஸ்பிரிட்டில் நைட்ரிக் ஆசிட் கொஞ்சம் கலந்தது, நைட்டால் என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் கழுவினார். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அப்புறம் என் கண்ணாடி இன்சர்ட் ஒன்றை எடுத்தார்.

நான் எதிரில்தான் நின்றேன். ஈரப் பஞ்சு அந்தப் பளபளப்பின்மேல் போனது. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் பளபளப்பு மங்கி, மங்கின இடத்திலிருந்து கறுப்புப் பட்டைகள் மேலே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று நோட்டில் கோடு போட்ட மாதிரி. அவர் ஸ்கேலை வைத்து இரண்டு பட்டைக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். ஃபோர்மேன் என் மெஷினுக்குப் போய்க் கிராஸ் ஃபீடு எத்தனையில் இருக்கிறது என்று பார்த்தார். இரண்டும் ஒன்று. கல் நகர்ந்து நகர்ந்து எங்கெங்கே உராய்ந்ததோ அங்கெல்லாம் இரும்பு வெந்திருக்கிறது. 200 டிகிரியில் டெம்பர் செய்த (மிதமாகச் சூடாக்கி விறைப்பைத் தணித்த) ஸ்டீலின் மேல்தோலுக்கு மட்டும் அதைப்போல எத்தனையோ மடங்கு சூடு ஏற்றி, உடனே குளிரவைத்து, நான் மறுபடி ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் செய்திருக்கிறேன். தோல் ஒரு பக்கம் இழுக்க, உள்ளே இருக்கிற இரும்பு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்க, விரிசல். மஞ்சளோ நீலமோ பாய்ந்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். கடைசி இரண்டு பாஸில் நிறத்தை நானே நக்கி எடுத்து மேலே கண்ணாடி பூசியிருந்தேன்.

அவர் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். “வரனுங்க” என்றார். நாங்கள் பேசின பேச்சு அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. ஃபோர்மேன் டீ சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை மிதித்தார்.

மூன்று எண்ணுவது

அண்ணன் வந்தார். யாரோ வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். என்னைத் திட்டவில்லை. மெஷினை நிறுத்திக் கல் முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, என் கட்டைவிரலைப் பிடித்து நகத்தைக் கல்லின் முகத்தில் வைத்து இழுத்தார். நகம் சறுக்கிக்கொண்டு போனது, கழுவின பீங்கான் தட்டின்மேல் போகிற மாதிரி.

“என்ன பண்ணுது?”

“வழுக்குதுங்ணா.”

“எத்தன எண்ணி இழுப்ப?”

எனக்குப் புரியவில்லை. டைமண்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் என்று கேட்கிறார் என்பது அப்புறம்தான் விளங்கியது. செய்து காட்டினேன். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்து பதினைந்தில் நிறுத்தினார். டைமண்டை வாங்கிப் பார்த்தார். முனை என்று ஒன்று இல்லை, சின்னதாக ஒரு தட்டை. “இதத் திருப்பி எத்தன நாளாச்சு?” நான் திருப்பியதே இல்லை. ஹோல்டரில் எட்டில் ஒரு பங்கு திருப்பிப் புது முனையை வெளியே கொண்டுவந்து இறுக்கினார். அப்புறம் மெஷினைப் போட்டு, நடுவில் தொட்டு, வெளியே வந்து, 0.02 கொடுத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பதற்குள் ஓரத்துக்கு ஓரம் போய்விட்டார். சத்தம் முதல் பாஸில் விட்டு விட்டு ‘கொர்... கொர்...’ என்றது, இரண்டாவதில் ஒரே சீராக ‘உஸ்ஸ்’. நிறுத்தினார். மறுபடி என் நகம். இந்தத் தடவை கல் நகத்தைச் சீவியது. நக இடுக்கில் வெள்ளைப் பொடி.

மூன்றுக்கும் பதினைந்துக்கும் என்ன வித்தியாசம் என்ற கணக்கை நான் பிற்காலத்தில்தான் போட்டேன். அவர் எந்தக் கணக்கும் போட்டுப் பார்த்ததில்லை. கல்லின் அகலம் 20 மில்லி. மூன்று எண்ணுவது என்பது இரண்டரை நொடிக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் கல் 120 சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு டைமண்ட் 0.17 மில்லி நகர்கிறது. டைமண்டின் முனை கல்லைத் தொடுகிற அகலம் அரை மில்லி என்று வைத்தால், ஒவ்வொரு மணியும் மூன்று அடி வாங்குகிறது. மூன்று அடியில் மணி உடைந்து புது முனை வரும். நான் எடுத்துக்கொண்ட பதினைந்து எண்ணிக்கையில் கல் 600 சுற்று. அதே மணிக்குப் பதினைந்து அடி. இரண்டாவது மூன்றாவது அடியில் உடைந்து நின்ற முனையை மீதி அடிகளால் வழித்து வழித்துச் சமம் பண்ணியிருக்கிறேன். கொத்தின அம்மியைக் கொத்தினவனே உட்கார்ந்து பாலிஷ் போட்ட கதை. கல்லின் முகம் வழுவழு, அதனால் பீஸ் கண்ணாடி. ஆனால் அறுக்க முனை இல்லாததால் கல் இரும்பை அறுக்கவில்லை, தேய்த்தது.

“ரஃபுக்கு மூணு. ஃபினிஷுக்கு வேணுன்னா கடைசி ஒரு பாஸ் மட்டும் ஆறு ஏழு எண்ணிக்க, அதுவும் தூசி அளவுக்கு டெப்த் குடு. பளபளப்பு வேணுன்னா கல்ல மாத்து, கல்லச் சாகடிக்காத” என்றார். கல்லின் கிரேடைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார். இரும்பு கெட்டி என்றால் கல் இளசாக இருக்க வேண்டும், இரும்பு இளசு என்றால் கல் கெட்டியாக. மழுங்கின மணியை இளசுக் கல் தானே உதறிவிடும், கெட்டிக் கல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவரை நான் கெட்டிக்குக் கெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கவும் இல்லை, ஃபோர்மேன் பாராட்டினவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று சொன்னார். அதைத்தான் நான் சாக்பீஸால் நெற்றியில் எழுதிக்கொண்டு இத்தனை வருஷமாகத் திரிகிறேன்: “இந்த இன்சர்ட்டுக்கு நாலுக்கு ஒருக்கா டிரெஸ் பண்ணிக்க.”

பையனின் காது

இந்த இன்சர்ட்டுக்கு. அந்த இரண்டு சொல்லும் எப்போது உதிர்ந்துபோயின என்று தெரியவில்லை. நாலு மட்டும் நின்றுவிட்டது. என் பட்டறை ஆரம்பித்தபோது மெஷின் வேறு, கல் வேறு, கூலண்ட் வேறு, பீஸின் அளவும் வேறு. நாலு மட்டும் அதே நாலு. அந்தக் கறுப்புப் பட்டைகள் எழும்பி வந்ததைப் பார்த்தவன் நான், எனக்கு நாலுக்கு மேல் போகக் கை வரவில்லை. இதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பையனைக் கத்தின அன்றைக்கு இரவுதான் இதற்குப் பயம் என்று பேர் வைக்கலாமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. பையனை வரச்சொன்னேன். ஸ்கிராப்பில் கிடந்த பதம்போட்ட ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் துண்டுகளில் பத்து எடுத்து மார்க்கரால் நம்பர் போட்டோம். புதிதாக ஒரு டிரெஸ்ஸிங், மூன்று எண்ணி. அதற்குப்பின் டைமண்டைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றிலும் 0.2 மில்லி, பாஸுக்கு 0.01, வழக்கமாக ஓட்டுகிற மாதிரியே. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஓட்டினான். ஐந்து, ஆறு தாண்டியது. ஏழாவது பாதியில் அவன் தலையைச் சாய்த்துக் கேட்டு, “சத்தம் மாறுதுங்ணா” என்றான். நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காதில் பஞ்சுகூட வைக்காமல் கிரைண்டர் பக்கத்தில் நின்ற காது இது. (பையன்களுக்கு இப்போது காதுக்கும் மூக்குக்கும் மாஸ்க் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். அவன் மூக்குக்குப் போடுகிறான், காதுக்குப் போட்டால் கல் பேசுவது கேட்கவில்லை என்று கழற்றிவிடுகிறான். இந்தச் சண்டை தனி.)

பத்தும் முடிந்தது. நைட்டால் பாட்டிலை எடுத்தேன். முதன்முதலாகச் சொந்தமாகப் பட்டறை வைத்தபோது நான் வாங்கின சாமான்களில் அதுவும் ஒன்று, தீரத் தீர வாங்கி வைப்பேன். கையுறையை அவனிடமே கொடுத்துத் தடவச் சொன்னேன். ஒன்றிலிருந்து ஆறு வரை சுத்தமான சாம்பல். ஏழும் சுத்தம்தான், வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எட்டில் ஓரமாக ஒரு நிழல், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. ஒன்பதில் பட்டை. பத்தில் நோட்டுக் கோடு. அவன் இதைப் பார்ப்பது முதல் தடவை. கழுவின துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “இது இத்தன நேரம் எங்கீங்ணா இருந்துச்சு?” என்று கேட்டான்.

எட்டாவது கெடுவதற்கு முன்னாலேயே, ஏழாவது பாதியில், அவன் காதுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அன்றைக்கு அவனிடம் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

மெஷினின் நெற்றியில் இருந்த 4-ஐக் கைத்துணியால் துடைத்தேன். பக்கத்திலேயே 6 என்று எழுதினேன்.

“ஏழு நல்லாத்தான இருந்துச்சுங்?”

“ஒண்ணு எனக்கு இருக்கட்டும்.”

சிரித்தான். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது சாக்பீஸ் அவன் கையில் இருந்தது. 6-க்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: ‘ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் மட்டும். 46 கே கல்லு.’ பக்கத்தில் அன்றைய தேதி.